நிலாவோட காத்து எங்கிருந்து வருது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிப்பதற்காகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு வாயுவோட வரலாறு. அந்த வாயுவோட பேரை நீங்க ரோட்டோரத்துல நூறு தடவை படிச்சிருப்பீங்க. எங்க ஊர் கம்பம். தேனியிலிருந்து கம்பத்துக்கு வர்ற வழியில லேத் பட்டறைகளைத் தாண்டும்போது "இங்கு ஆர்கான் வெல்டிங் செய்யப்படும்" என்று போர்டு இருக்கும். சென்னையில அம்பத்தூர்லயும் இருக்கும், கோயம்புத்தூர் கணபதியிலயும் இருக்கும். அந்த சிலிண்டருக்குள்ள இருக்குற ஆர்கானை காத்துல இருந்துதான் பிரிச்சு எடுக்குறாங்க. நாம சுவாசிக்கிற காத்துல நூத்துக்கு கிட்டத்தட்ட ஒரு பங்கு ஆர்கான். கார்பன் டை ஆக்சைடைவிட இருபது மடங்குக்கு மேல.

இதே ஆர்கான் நிலாவுலயும் இருக்கு. 1972-லயே கண்டுபிடிச்சாச்சு. நம்ம சந்திரயான்-2 அதை இன்னும் நல்லா அளந்துச்சு. "நிலாவுலதான் காத்தே கிடையாதே, அப்புறம் ஆர்கான் எப்படி?" என்று கேட்டா, அது சரியான கேள்வி. இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

காத்து இல்லைன்னு எப்படித் தெரிஞ்சது?

பஞ்சாங்கம் பார்க்குறவங்களுக்கு ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை எல்லாம் தெரிஞ்ச பேர்கள். இந்த நாலு நட்சத்திரங்களும் நிலா போற பாதையை ஒட்டி இருக்கு. சில வருஷங்கள்ல நிலா நேரா வந்து அதுல ஒண்ணை மறைக்கும். அப்போ தொலைநோக்கியில பார்த்தா ஒரு விஷயம் கவனிக்கலாம். நட்சத்திரம் மங்கி மங்கி மறையாது. சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுனு போயிடும். நிலாவைச் சுத்தி நம்ம பூமி மாதிரி காத்து இருந்திருந்தா, ஒளி அதுல வளைஞ்சு, நிறம் மாறி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் மறைஞ்சிருக்கும். ரோஜர் போஸ்கோவிச் என்ற பாதிரியார் 1753-ல நிலாவின் வளிமண்டலம் பத்தி ஒரு நூலே எழுதி, அப்படி ஒண்ணு இருக்க வழியில்லைன்னு வாதாடினார்.

அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. அந்த "கிட்டத்தட்ட" என்ற வார்த்தைக்குள்ளதான் நம்ம கதை இருக்கு.

எண்ணிக்கையைச் சொல்லிடுறேன். ஒரு சின்னப் பகடை அளவு, அதாவது ஒரு கன சென்டிமீட்டர் இடத்தை எடுத்துக்குவோம். கடல் மட்டத்துல அதுக்குள்ள சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கும். நிலாவின் தரையில, ராத்திரி நேரத்துல, அதே இடத்துல ஒண்ணு ரெண்டு லட்சம் அணுக்கள்தான். கோடி கோடி எங்கே, வெறும் லட்சம் எங்கே!

இவ்வளவு குறைவா இருக்கும்போது ஒரு அணு இன்னொரு அணு மேல மோதுறதே அபூர்வம். காத்துக்கு இருக்குற எந்தக் குணமும் இதுக்கு இல்லை. சத்தம் போகாது, மேகம் வராது, தென்றல் வீசாது. ஒவ்வொரு அணுவும் தனி ஆள். தரையில இருந்து துள்ளி மேல போகும், பல கிலோமீட்டர் தள்ளி விழும், மறுபடி துள்ளும். இதுக்கு வளிமண்டலம்னு பேர் வைக்கவே விஞ்ஞானிகள் தயங்கி, "எக்ஸோஸ்பியர்" என்கிறாங்க. தமிழ்ல புறவளி மண்டலம்.

மொத்தத்தையும் சேர்த்து எடை போட்டா சில பத்து டன்தான் தேறும் என்பது வழக்கமான மதிப்பீடு. கம்பத்திலிருந்து குமுளி மலையேறி கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோற லாரிகள் இருக்கே, அதுல ஒரு சில லோடு. ஒரு முழு நிலாவோட காத்தும் அவ்வளவுதான்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. இந்த வாயு நிலாவுல தங்குறதில்லை. ஹீலியம் மாதிரி லேசான வாயு வெயில் சூட்டுலயே வேகம் பிடிச்சு விண்வெளிக்கு ஓடிடும். ஆர்கான் மாதிரி கனமானதை சூரியனோட புற ஊதாக் கதிர் அடிச்சு மின்னேற்றம் பண்ணிடும். அந்த நிமிஷமே சூரியக் காற்றின் மின்புலம் அதை இழுத்துக்கும். நாள் கணக்கு, இல்லைன்னா மாசக் கணக்கு, அவ்வளவுதான் ஒரு அணுவோட ஆயுசு. அப்படியும் இன்னைக்கு அங்க வாயு இருக்குன்னா யாரோ தொடர்ந்து நிரப்பிக்கிட்டே இருக்காங்க என்று அர்த்தம். யாரு?

முதல் வாசல்: பாறைக்குள்ளிருந்து

இதுக்கு 1785-க்குப் போகணும். இங்கிலாந்துல ஹென்றி கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி காத்துக்குள்ள மின்பொறி விட்டு, நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒவ்வொண்ணா அகத்திப் பார்த்தார். கடைசியில எதுலயும் சேராத ஒரு சின்னக் குமிழி மிஞ்சுச்சு. 120-ல ஒரு பங்குக்கு மேல இருக்காதுன்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டார். நூறு வருஷத்துக்கு மேல யாரும் அதைச் சீண்டலை.

1890-கள்ல ராலே பிரபு நைட்ரஜனை எடை போடும்போது ஒரு வித்தியாசம் வந்துச்சு. காத்துல இருந்து எடுத்த நைட்ரஜன் அம்மோனியாவிலிருந்து எடுத்ததைவிடக் கொஞ்சம் கனமா இருந்தது. இருநூத்துல ஒரு பங்கு போல. வேற யாராவது "அளவுப் பிழை"ன்னு விட்டிருப்பாங்க. ராலேயும் வில்லியம் ராம்சேவும் விடாம துரத்தி, 1894-ல ஒரு புதுத் தனிமத்தை அறிவிச்சாங்க. எதோடும் வினை புரியாததால அதுக்கு ஆர்கான்னு பேர். கிரேக்கத்துல சோம்பேறி என்று பொருள்.

சோம்பேறிக்கு ஒரு புதிர் ஒட்டிக்கிட்டே வந்துச்சு. நியான், கிரிப்டான் எல்லாம் அதோட சொந்தக்காரங்க. ஆனா அவை எல்லாம் காத்துல துளித்துளியா இருக்கும்போது ஆர்கான் மட்டும் ஏன் இவ்வளவு? அதுவும் கிட்டத்தட்ட முழுக்க 40 என்ற நிறை எண் கொண்ட ஆர்கான் ஏன்?

1937-ல கார்ல் ஃபிரீட்ரிஷ் ஃபான் வைட்ஸேக்கர் ஒரு யோசனை சொன்னார். பொட்டாசியத்துல ஒரு கதிரியக்க வகை இருக்கு, பொட்டாசியம்-40. அது சிதைஞ்சு ஆர்கான்-40 ஆகுதுன்னா? பாறைக்குள்ள இருக்குற பொட்டாசியம் கோடிக்கணக்கான வருஷமா ஆர்கானை உண்டாக்கி, எரிமலை வழியாவும் விரிசல் வழியாவும் வெளிய விட்டிருந்தா? 1948-ல ஆல்ட்ரிச், நியர் என்ற ரெண்டு பேர் பொட்டாசியம் உள்ள பழைய கனிமங்களை எடுத்து, உள்ள ஆர்கான்-40 சேர்ந்து கிடக்குறதைக் காட்டிட்டாங்க. அந்த வெல்டிங் பட்டறை சிலிண்டர்ல இருக்குறது பழைய பாறைகள் விட்ட மூச்சு.

பொட்டாசியம்னா எங்க பக்கத்துல விளக்கமே தேவையில்லை. திராட்சைத் தோட்டத்துக்கும் வாழைக்கும் பொட்டாஷ் போடாம விவசாயம் நடக்காது. அந்தச் சிவப்புக் கலந்த உப்பு மூட்டைகள் பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்துதான் வருது. அதுல உள்ள பொட்டாசியம் அணுக்கள்ல ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒண்ணு பொட்டாசியம்-40. ஒரு நடுத்தர வாழைப்பழத்தை எடுத்துக்கிட்டா, அதுக்குள்ள நொடிக்குப் பத்துல இருந்து பதினஞ்சு அணுக்கள் சிதையுது. அதுல பத்துல ஒன்பது பங்கு கால்சியம் ஆகும். மிச்சம் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு ஏறக்குறைய ஒரே ஒரு அணு, ஆர்கான் ஆகும். உங்க உடம்புலயும் இதேதான் நடக்குது, நொடிக்கு நானூறு ஆர்கான் அணு கணக்குல. பயப்பட ஒண்ணும் இல்லை. மனுஷன் தோன்றின நாள்லயிருந்து இப்படித்தான்.

எங்க பள்ளத்தாக்கைச் சுத்தி நிக்குற மலைகள்ல சார்னோகைட் என்ற பாறை நிறைய. சென்னை பரங்கிமலையிலயும் பல்லாவரத்துலயும் இருக்குற அதே வகை. கொல்கத்தாவுல ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரோட சமாதிக் கல் இந்தப் பாறையில செஞ்சது, அதனால புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதுக்கு இந்தப் பேரை வச்சார். தேனின்னதும் உங்களுக்குப் பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகம் ஞாபகம் வரும். அந்தத் திட்டம் தேடிப் போனதும் இந்தப் பாறையோட கனத்தைத்தான். அது வேணுமா வேண்டாமா என்ற விவாதம் தனி எபிசோடுக்கானது. இன்னைக்கு எனக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்: இந்தப் பாறைக்குள்ளயும் பொட்டாசியம் இருக்கு, இந்த நிமிஷமும் ஆர்கான் பிறந்துக்கிட்டு இருக்கு.

நிலாவுலயும் இதே கணக்குதான். பொட்டாசியம்-40 பாதியாகுறதுக்கு 125 கோடி வருஷம் ஆகும். நிலாவுக்கு வயசு சுமார் 450 கோடி. தொடக்கத்துல இருந்ததுல பன்னிரண்டுல ஒரு பங்கு இன்னும் மிச்சம் இருக்கு. அது இன்னும் வேலை செய்யுது.

1972 டிசம்பர்ல அப்போலோ-17 ஆட்கள் ஒரு சின்ன நிறமாலைமானியை நிலாத் தரையில வச்சுட்டு வந்தாங்க. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாஃப்மன், ரிச்சர்ட் ஹாட்ஜஸ் பார்த்துக்கிட்ட கருவி அது. அந்தக் கருவி ஆர்கானைக் கண்டதோட, அதோட தினசரிப் பழக்கத்தையும் கண்டுச்சு. நிலாவின் ராத்திரி நம்ம கணக்குல ரெண்டு வாரம். அந்தக் குளிர்ல ஆர்கான் தரையில ஒட்டிக்கிது. விடியுற சமயத்துல கிளம்புது. கம்பத்துல மார்கழிக் காலையில இலை மேல இருக்குற பனித்துளி வெயில் பட்டதும் காணாம போற மாதிரி. இன்னும் சுவாரசியம் என்னன்னா, விடியுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆர்கான் கூடுது. பக்கத்துல ஏற்கெனவே விடிஞ்ச நிலத்துல கிளம்புன அணுக்கள் துள்ளி இந்தப் பக்கம் இருட்டுக்குள்ள வந்து விழுது.

நிலா செத்துப்போன கல் என்று நாம பேசுறோம். அதுக்கு உள்ளிருந்து வாயு வருதுங்கறதுக்கு ரேடான் இன்னும் நேரடிச் சாட்சி. யுரேனியம் சிதையும் வரிசையில வர்ற வாயு அது, நாலு நாளைக்குள்ள பாதியாகிடும். அதனால அதை எங்க பார்த்தாலும் இப்பத்தான் வெளிய வந்திருக்குன்னு அர்த்தம். 1971-ல அப்போலோ-15 விண்கலம் அரிஸ்டார்க்கஸ் பள்ளத்துக்கு மேல பறக்கும்போது அதைப் பார்த்துச்சு. பிறகு 1998-லயும் 1999-லயும் லூனார் பிராஸ்பெக்டர் அதே இடத்துல பார்த்துச்சு.

இரண்டாவது வாசல்: சூரியன்

ஹீலியத்தோட கதை நம்ம பக்கத்துலயே தொடங்குது. 1868 ஆகஸ்ட் 18-ல முழு சூரிய கிரகணம். அன்னைக்கு மெட்ராஸ் மாகாணத்துல இருந்த குண்டூர்ல பிரெஞ்சுக்காரர் ஜான்சென் முகாம் போட்டிருந்தார். மசூலிப்பட்டினத்துல சென்னை வானாய்வுக் கூடத்தோட நார்மன் போக்சன். சூரியனின் விளிம்புல எழும்பின சுடர்களின் நிறமாலையில ஒரு மஞ்சள் கோடு தெரிஞ்சது. அதே வருஷம் இங்கிலாந்துல லாக்யரும் அதைப் பார்த்தார். சோடியத்தோட கோடுன்னு நினைக்குற இடத்துக்குப் பக்கத்துல, ஆனா சோடியம் இல்லை. சூரியனுக்கான கிரேக்கப் பேரை வச்சு ஹீலியம் ஆச்சு. பூமியில அது கிடைச்சது 1895-ல, யுரேனியம் உள்ள ஒரு கனிமத்துல. எடுத்தவர் ஆர்கானைக் கண்ட அதே ராம்சே.

சூரியன்ல இருக்குற ஹீலியம் நிலாவுக்கு எப்படி வரும்? இங்க ஒரு தமிழர் வர்றார்.

1958-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல யூஜின் பார்க்கர் என்ற இளைஞர் ஒரு கட்டுரை எழுதினார். சூரியனின் மேல்வளி சும்மா நிக்காது, ஒலியைவிட வேகமா எல்லாப் பக்கமும் வீசிக்கிட்டே இருக்கணும் என்றார். அதை மதிப்பிட்ட ரெண்டு பேரும் வேண்டாம்னு எழுதிட்டாங்க. அந்த ஆய்விதழுக்கு அப்போ ஆசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில படிச்சவர், பின்னாடி 1983-ல நோபல் வாங்கினவர். அவருக்கும் பார்க்கர் சொன்ன முடிவு பிடிக்கலை. ஆனா கணக்குல யாரும் ஒரு தப்பும் காட்டலையே என்று பார்த்து, கட்டுரையை வெளியிட்டார். சில வருஷத்துலயே விண்கலங்கள் போய்ப் பார்த்து, அந்தக் காற்று நிஜம்னு சொல்லிடுச்சு. சூரியக் காற்று.

பூமிக்குக் காந்தப்புலம் இருக்கு, அது குடை மாதிரி இந்தக் காற்றை விலக்கிடும். நிலாவுக்குக் குடை இல்லை. நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்துல வர்ற துகள்கள் நேரா தரையில பாயுது. அதுல நூத்துக்கு நாலு அளவு ஹீலியம். 1969-ல அப்போலோ-11 ஆட்கள் ஒரு அலுமினியத் தாளை நட்டு, 77 நிமிஷம் கழிச்சு சுருட்டிக் கொண்டுவந்தாங்க. சுவிட்சர்லாந்துல ஜோஹன்னஸ் கைஸ் குழு அதை ஆராய்ஞ்சப்போ ஹீலியம், நியான், ஆர்கான் மூணும் அதுல பதிஞ்சிருந்தது.

நிலாவின் ஹீலியத்துல பெரும்பகுதி இப்படி வந்ததுதான். அதைச் சரிபார்க்க இயற்கையே ஒரு வழி வச்சிருக்கு. பௌர்ணமியை ஒட்டி சில நாள் நிலா பூமியின் காந்தவாலுக்குள்ள போகும். குடைக்குள்ள போன மாதிரி. அப்போ ஹீலியம் குறையுது, வெளிய வந்ததும் ஏறுது. 2013-ல போன நாசாவின் லேடி விண்கலம் இதை நல்லா அளந்துச்சு. நியான் இருக்குறதையும் அதுதான் உறுதி பண்ணுச்சு.

மூன்றாவது வாசல்: கல்மழை

1988-ல டெக்சாஸ் மெக்டொனால்ட் வானாய்வுக் கூடத்துல பாட்டர், மார்கன் என்ற ரெண்டு பேர் பூமியிலிருந்தே தொலைநோக்கி வழியாப் பார்த்து, நிலாவைச் சுத்தி சோடியமும் பொட்டாசியமும் மிதக்குறதைக் கண்டாங்க. இவை வாயுவே கிடையாது, உலோகங்கள். தரையில இருக்குற கல்லை யாரோ ஆவியாக்கினாத்தான் மேல வரும்.

ஆவியாக்குறது நுண்கற்கள். நம்ம பக்கம் வானத்துல "எரிநட்சத்திரம்" என்று நாம பார்க்குற மணல் அளவு துணுக்குகள் இங்க காத்துலயே எரிஞ்சுபோகும். நிலாவுல தடுக்க எதுவும் இல்லை. நேரா தரையில இடிச்சு, இடிச்ச இடத்தை ஆவியாக்கும். 2013 டிசம்பர்ல ஜெமினிட்ஸ் எரிகல் மழை நேரத்துல நிலாவைச் சுத்தி பொட்டாசியம் கூடினதை லேடி பார்த்துச்சு. எரிகல் மழைகளின்போது தண்ணீர் மூலக்கூறுகள்கூட தரைக்கு அடியிலிருந்து கிளம்புறதை அதே விண்கலத்தின் தரவுல 2019-ல காட்டினாங்க.

சூரியக் காற்றும் தரையில மோதி அணுக்களைப் பெயர்க்கும். அப்போ யார் பங்கு எவ்வளவு? 2024-ல எம்.ஐ.டி.யின் நிக்கோல் நீ தலைமையிலான குழு அப்போலோ மண்ணை எடுத்து, பொட்டாசியம், ருபிடியம் இரண்டின் கனமான, லேசான வகைகளை எண்ணிப் பார்த்தாங்க. நுண்கற்கள் பங்கு சுமார் 70 சதவீதம், மிச்சம் சூரியக் காற்று என்பது அவங்க முடிவு.

நம்ம கருவிகள்

அப்போலோ கருவிக்கு ஒரு சிக்கல் இருந்தது. பகல்ல அதால அளக்கவே முடியலை. சுத்தி நிறுத்திவச்ச இறங்கு வண்டியும் மத்த சாமான்களும் வெயில்ல சூடாகி வாயு கக்க, உண்மையான நிலா வாயு அந்த இரைச்சல்ல மூழ்கிடுச்சு. பகல் நேர நிலா நமக்குத் தெரியாமலே இருந்துச்சு.

அந்த இடத்துலதான் இந்தியா வருது. 2008 அக்டோபர் 22-ல சந்திரயான்-1 கிளம்புச்சு. திட்ட இயக்குநர் பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. நிலாவுல நம்ம கொடி பதிச்ச ஒரு பெட்டி இறங்கணும் என்ற யோசனை அப்துல் கலாமோடது. நவம்பர் 14 ராத்திரி அந்தப் பெட்டி விண்கலத்தை விட்டுப் பிரிஞ்சு, 25 நிமிஷம் விழுந்து, தென் துருவத்துப் பக்கம் மோதுச்சு. நாம டிவியில கொடியைப் பார்த்தோம். அந்தப் பெட்டிக்குள்ள சேஸ் என்ற ஒரு நிறமாலைமானி இருந்தது. திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தோடது, ஆர். ஸ்ரீதரன் தலைமை. சுமார் 98 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைவரை, பகல் பக்கத்துல, 650 அளவுக்கு நிறமாலைகளை எடுத்து, மோதி நொறுங்குறதுக்கு முன்னாடி அனுப்பிடுச்சு. அதுல நீராவியோட தடயம் இருந்தது. அளந்த அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் கூட இருந்ததால, கருவியே கூட எடுத்துட்டுப் போன வாயு அதுல எவ்வளவு என்ற கேள்வி இன்னும் பேசப்படுது. அறிவியல்ல இது சாதாரணம்.

அடுத்த வடிவம் 2019-ல சந்திரயான்-2-ல போன சேஸ்-2. நிலாவைச் சுத்திக்கிட்டே ஆர்கான்-40-ஐ அளந்துச்சு. தெற்கு 60 டிகிரி முதல் வடக்கு 60 டிகிரி வரை எப்படிப் பரவியிருக்குன்னு 2022-ல இஸ்ரோ சொல்லுச்சு. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்லை, சில இடங்கள்ல ஆர்கான் வீங்கி நிக்குது. அதுல ஒண்ணு பொட்டாசியம் அதிகம் உள்ள பகுதி.

ஏன் ஒரு பகுதியில மட்டும் அதிகம்? பிறந்த புதுசுல நிலா உருகின பாறைக் கடலா இருந்தது. உப்புத் தண்ணியை உறைய வச்சா ஐஸ் முதல்ல ஓரளவு சுத்தமா உறையும், உப்பு மிஞ்சின தண்ணியில சேர்ந்துக்கிட்டே போகும். அதே மாதிரி லேசான வெள்ளைப் பாறை முதல்ல மிதந்து மேலோடு ஆச்சு. நாமக்கல் சித்தம்பூண்டியில கிடைக்குற அனார்த்தோசைட் அந்த வகைப் பாறை. சந்திரயான் சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலா மண் செஞ்சது அதுலதான். கடைசியா உறைஞ்ச வண்டல்ல பொட்டாசியமும் யுரேனியமும் தோரியமும் சேர்ந்துச்சு. அந்த வண்டல் நமக்குத் தெரியுற முகத்துல மேற்குப் பக்கக் கருப்புத் திட்டுகள்ல அதிகம். பௌர்ணமி அன்னைக்கு மொட்டை மாடியில நின்னு நாம பார்க்குற அந்தக் கறைக்கு மேலதான் ஆர்கான் அடர்த்தி கூடுது.

2024 மே மாசம் பெரிய சூரியப் புயல் அடிச்சப்போ, நிலாவின் பகல் பக்கப் புறவளி பத்து மடங்குக்கு மேல அடர்ந்ததையும் இதே சேஸ்-2 பதிவு பண்ணிச்சு. இரண்டாவது வாசல் ஒரே நாள்ல எவ்வளவு அகலத் திறக்கும் என்பதுக்கு நேரடிச் சாட்சி.

நான்காவது வாசல்: நாம

இவ்வளவு நேரம் சொன்ன எண்களை வச்சு ஒரு கணக்கு போடுவோம். நிலாவின் மொத்த வாயு சில பத்து டன். ஒரு அப்போலோ வண்டி இறங்கி, ஏறித் திரும்ப எடுத்துட்டுப் போன எரிபொருள் 10 டன்னுக்கு மேல. எரிச்சு வந்த புகை எல்லாம் நிலாவைச் சுத்தியே கொட்டுச்சு. அப்படி ஆறு தடவை. இந்த லாரிக்கணக்குல பார்த்தா, ஒவ்வொரு தடவையும் மொத்தச் சரக்குல ஒரு பெரிய பங்கை ஒரே நாள்ல இறக்கின மாதிரி. நல்லவேளை, அதுல பெரும்பகுதி காலப்போக்குல கலைஞ்சுபோச்சு.

2020-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தின் பார்வதி பிரேம் குழு கணினியில ஒரு மாதிரி ஓட்டிப் பார்த்தாங்க. தென் துருவத்துல 1,200 கிலோ எடையுள்ள ஒரு வண்டி இறங்குனா அதோட புகையில இருக்குற நீராவி என்ன ஆகும்? சில மணி நேரத்துல நிலா முழுக்கச் சுத்திடுது. சில மாசம் கழிச்சுப் பார்த்தா, ஐந்துல ஒரு பங்கு துருவங்கள்ல, வெயிலே படாத குழிகள்ல உறைஞ்சு தங்கிடுது.

அந்தக் குழிகளுக்குத்தான் இப்போ எல்லாரும் போறாங்க. அமெரிக்கா, சீனா, தனியார் கம்பெனிகள், நாமும். அங்க இருக்குற பனி எந்தக் காலத்துல, எந்த வாசல் வழியா வந்தது என்று படிக்கத்தான் போறோம். வால்மீனா, நிலாவோட பழைய எரிமலையா, சூரியக் காற்றா? 350 கோடி வருஷம் முன்னாடி எரிமலைகள் கக்கின வாயுவால நிலாவுக்கு நிஜமான ஒரு வளிமண்டலமே சில கோடி வருஷம் இருந்திருக்கலாம் என்று 2017-ல ஒரு ஆய்வு கணக்குச் சொல்லுச்சு. அதோட மிச்சம் அந்தக் குழிகள்ல இருக்கலாம். அதைப் படிக்கப் போற வண்டியே அந்தப் பக்கத்து மேல மை கொட்டுது.

நான் "போகக் கூடாது"ன்னு சொல்ல வரலை. போகாம இருந்திருந்தா இதுல ஒரு வரிகூட நமக்குத் தெரிஞ்சிருக்காது. என் ஆதங்கம் வரிசையைப் பத்தி. எங்க ஊர்ல ஒரு கிணத்துத் தண்ணியைச் சோதிக்கணும்னா, பக்கத்துல பட்டறை வர்றதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் எடுத்து வைக்கணும். அப்புறம் எடுத்தா அது கிணத்தோட கணக்கா, பட்டறையோட கணக்கா என்று யாராலயும் சொல்ல முடியாது. நிலாவுக்கு அந்த முதல் பாட்டிலை எடுத்தது ரொம்பக் கொஞ்சம் பேர்: ராத்திரியில மட்டும் வேலை செஞ்ச அப்போலோ கருவி, சில மாசம் இருந்த லேடி, 25 நிமிஷம் விழுந்த சேஸ், இன்னும் மேல சுத்திக்கிட்டு இருக்குற சேஸ்-2. வண்டிகள் கூட்டமா இறங்குறதுக்கு முன்னாடி இந்த மாதிரிக் கருவி இன்னும் நாலு மேல போகணும். இறங்குற ஒவ்வொரு வண்டியும் என்ன எரிபொருள், எவ்வளவு, எந்த இடம் என்று பொதுவுல பதிவு பண்ணணும். அது பெரிய செலவு இல்லை.

நிலா தானா விடுற மூச்சு ரொம்பச் சன்னமானது. அதைக் கேட்கணும்னா நாம கொஞ்ச நேரமாவது சத்தம் போடாம இருக்கணும்.

அடுத்த எபிசோட்ல, 1899-ல கொடைக்கானல் மலை மேல போய் உட்கார்ந்த சூரிய ஆய்வுக்கூடமும், அங்க நூறு வருஷத்துக்கும் மேல எடுத்த சூரியப் படங்களும். கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்க.